பாடத்துக்கு வெளியே ஒரு புத்தகம்

கேள்வி: நான் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். எனக்குக் கதை படிக்கும் பைத்தியம் உண்டு. அதை வகுப்பில் காட்டிக்கொள்ளலாமா? பாடம் கெடுமே என்று பயமாக இருக்கிறது.
– ஓர் ஆசிரியை, தேனி

பதில்: தாராளமாகக் காட்டிக்கொள்ளுங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். 1871இல் அவரிடம் சேர்ந்த உ.வே.சா. ஆசிரியரின் தமிழ்ப் பித்தைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர். அந்தப் பித்து அவரையும் பிடித்துக்கொண்டது.

வாரம் ஒரு பீரியடில் பத்து நிமிடம் போதும். கி.ராஜநாராயணனின் ‘கதவு’ கதையை வாய்விட்டு வாசியுங்கள். தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு போகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மீதியைப் பிள்ளைகளே தேடி வருவார்கள். உங்களுக்குப் பிடிக்காமல் பாதியில் மூடிய புத்தகத்தைப் பற்றியும் சொல்லுங்கள். டீச்சருக்கே அலுப்புத் தட்டும் என்று தெரிந்தால் அவர்களுக்குத் தைரியம் வரும்.

ஒன்று மட்டும் வேண்டாம்: ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று கேட்டுவிடாதீர்கள். மதிப்பெண்ணும் போடாதீர்கள். (அதற்குத்தான் பாடநூல் இருக்கிறதே!) பத்து நிமிடத்தில் எந்தப் பாடமும் கெட்டுவிடாது. திங்கட்கிழமையே தொடங்குங்கள்.