தனக்குச் சொல்வதும் பிறருக்குச் சொல்வதும்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே போனால் பாண்டிருப்பு, மருதமுனை தாண்டி வருவது பெரியநீலாவணை. கவிஞர் நீலாவணன் தன் புனைபெயரை எடுத்துக்கொண்டது இந்த ஊரிலிருந்துதான். 2004 டிசம்பர் 26 காலை கடல் ஏறிவந்த கரையும் இதுதான். அன்று இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேல். அதற்கு முன்னும் பின்னும் யுத்தம், இடப்பெயர்வு, சுற்றிவளைப்பு. இவ்வளவையும் தாண்டிவந்த மனிதர்களிடம் நெஞ்சு அடைக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு சொல் இருக்கும். ஒருவருக்கு அது "ஹஸ்புனல்லாஹ்". இன்னொருவருக்கு "முருகா". வேறொருவருக்கு "எத்தனையக் கண்டாச்சு, இதையும் பாப்பம்".

இந்தச் சொற்களால் பயன் இருக்கிறது. ஆனால் எப்போது, எப்படி என்பதில் பல தவறான நம்பிக்கைகள் ஊரில் நிலைத்துவிட்டன. சில பழையவை. சில அண்மையில் யூடியூப் வழியாக வந்தவை.

நம்பிக்கை: நல்லதையே திரும்பத் திரும்பச் சொன்னால் மனம் அதை நம்பிவிடும்.

1920களில் எமில் கூவே என்ற பிரெஞ்சு மருந்தாளர் இதை உலகம் முழுக்கப் பரப்பினார். இன்று ஊக்கப் பேச்சாளர்கள் பாடசாலை மண்டபங்களில் பிள்ளைகளைக் கைதூக்க வைத்து "நான் வெல்வேன்" என்று கத்தச் சொல்கிறார்கள். 2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவரது குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். "நான் அன்புக்குரியவள்" என்ற வகையான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களில், ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்குச் சிறிது தெம்பு கிடைத்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களோ, சொல்லாமல் இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்கு மருந்து வேண்டுமோ அவருக்கே அது கேடாயிற்று.

காரணம் விளங்கக்கூடியது. வாய் சொல்வதை மனம் நம்பாவிட்டால் உள்ளிருந்து மறுப்பு எழும். ஓ.எல். பரீட்சையில் கணிதம் தவறவிட்ட பிள்ளை "நான் கெட்டிக்காரன்" என்று நூறு தரம் சொன்னால், நூறு தரமும் அந்தப் பெறுபேறு ஞாபகத்துக்கு வரும். "போன தரம் இயற்கணிதத்தில விட்டன், இண்டைக்கு மூண்டு கணக்குச் செய்வன்" என்று சொன்னால் மறுத்துப் பேச மனத்துக்கு எதுவும் இல்லை. பிள்ளைகளை மேடைக்கு முன்னால் கத்தவைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கை: அதை நினைக்காதே, அழாதே, மறந்துவிடு.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஆறுதல் என்ற பெயரில் அதிகம் சொல்லப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். அன்போடு சொன்னார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நினைவு கட்டளைக்குப் பணிவதில்லை. 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம் ஒரு வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காமல் இருக்கச் சொன்னார். அவர்களால் முடியவில்லை. அதைவிட முக்கியம், பிறகு தடையை எடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. ஒரு கரடிக்கே இப்படியென்றால், கையிலிருந்து நழுவிப்போன பிள்ளையை நினைக்காதே என்று ஒரு உம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அதற்கு நேரெதிரான நம்பிக்கையும் அதே அளவு தவறு. எல்லாவற்றையும் உடனே கொட்டிவிட்டால்தான் ஆறும் என்ற எண்ணத்தோடு 2005இல் பல வெளிநாட்டு ஆலோசகர்கள் இலங்கைக்கு வந்திறங்கினார்கள். பேரிடருக்குப் பின் ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறை, பின்னாளில் வரும் மனவடுவைத் தடுப்பதில்லை என்று 2002இலேயே கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியிருந்தது. சிலருக்கு அது தீங்கும் செய்தது. பேச விரும்புகிறவருக்குக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும், விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது என்பதே இன்று ஏற்கப்பட்ட வழி. நம் ஊர் மரணவீட்டில் பக்கத்தில் பேசாமல் வந்து இருந்துவிட்டுப் போகும் அயல்வீட்டு மாமி இதைத்தான் செய்துவந்திருக்கிறார்.

இலங்கையில் பிறந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ இங்குள்ள மக்கள் தம் துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்தார். மேற்கத்திய வினாக்கொத்துகள் பயம், கெட்ட கனவு போன்ற உள்மன அறிகுறிகளைத் தேடின. இங்குள்ளவர்களோ உறவிலும் பொறுப்பிலும் விழுந்த உடைவைப் பற்றிப் பேசினார்கள். தாயாக, கணவனாக, மூத்த மகனாகத் தனக்கிருந்த இடம் போய்விட்டதே என்பதுதான் வலி. அதனால்தான் "மிச்சம் ரெண்டு பிள்ளையும் என்னப் பாத்துக்கிட்டு இருக்கு" என்று தனக்குச் சொல்லிக்கொண்டு அடுப்பை மூட்டியவருக்கு அந்த ஒரு வரி உதவியது. அது அவரை மீண்டும் தாயின் இடத்தில் நிறுத்தியது. மகிழ்ச்சியாக இரு என்று அது கேட்கவில்லை.

நம்பிக்கை: "அல்லாஹ் நாடினது", "எல்லாம் விதி" என்பவர் முயற்சியை விட்டவர்.

படித்தவர்கள் பலர் இப்படி நினைக்கிறார்கள். இறைவன்மேல் பாரம் போடுவது கையைக் கட்டிக்கொண்டிருப்பது அல்ல என்பதை இஸ்லாமிய மரபு தெளிவாகவே சொல்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வை, அதாவது இறைவன்மேல் பாரம் போடு என்று நபியவர்கள் அறிவுறுத்தியது திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. வானிலை அறிவித்தலைக் கேட்டு, இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டு, பிஸ்மி சொல்லித் தோணி தள்ளும் மீனவரிடம் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. நம் கைக்கு அப்பாற்பட்டதை அப்படியே ஒத்துக்கொள்ளும் சொல் கைக்கு எட்டியதைச் செய்யத் தெம்பு விடுகிறது.

ஆனால் அதே சொல்லைப் பிறர் சொல்லும்போது நிலைமை மாறிவிடுகிறது. இழந்தவர் தானே "அல்லாஹ் தந்தான், அல்லாஹ் எடுத்தான்" என்றால் அது அவரைத் தாங்குகிறது. அழுதுகொண்டிருப்பவரிடம் நாம் அதைச் சொன்னால், போதும் நிறுத்து என்று அவர் காதில் விழலாம். "உனக்கு ஈமான் குறைவு, அதுதான் இப்படி" என்பது இன்னும் கொடுமை. மனச்சோர்வு பக்தி உள்ளவருக்கும் வரும், நீரிழிவு வருவது போலவே. கோயிலுக்குப் போகாததால் வந்தது என்று ஒரு நோயாளியைக் குற்றவாளியாக்குகிறவர்கள், அவர் வைத்தியரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடுகிறார்கள்.

நம்பிக்கை: படபடப்பு வந்தால் "அமைதி, அமைதி" என்று சொல்ல வேண்டும்.

அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், மேடையில் பேசப்போகும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்றவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்றவர்கள் நன்றாகப் பேசினார்கள். அடிக்கிற நெஞ்சை அடிக்கவில்லை என்று மறுப்பதைவிட, அந்த வேகத்தைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வது எளிது. அதே ஆண்டு உளவியலாளர் ஈதன் குரொஸ் குழுவினர், நெருக்கடியில் "நான்" என்பதை விட்டுத் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவது பதற்றத்தைத் தணிப்பதைக் காட்டினார்கள். "என்ன மனே, இதுக்கெல்லாம் பயப்படுவியா?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொள்ளும் மூத்தம்மாமார் இதை முன்பே அறிந்தவர்கள்.

நம்பிக்கை: திக்ரும் மந்திரமும் மனத்துக்கு மட்டும், உடம்பில் ஒன்றும் நடக்காது.

நடக்கிறது. லூச்சியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் குழுவினரும் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. இலத்தீன் ஜெபமாலை வரியையும் யோக மந்திரத்தையும் உச்சரித்தபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்த ஓட்டத்தோடு இசைந்தன. உடலுக்குக் கிடைத்த அந்த நன்மை மெதுவான மூச்சோடு சேர்ந்து வந்தது. எனவே தஸ்பீஹ் மணியை உருட்டுபவரும் "சரவணபவ" சொல்பவரும் அவசரப்படாமல், ஒரு மூச்சுக்கு ஒரு தரமாகச் சொல்லிப் பார்க்கலாம். வணக்கத்தின் பலன் அவரவருக்கும் இறைவனுக்கும் இடையிலானது. மூச்சின் பலனை எவரும் உணரலாம்.

கடைசியாக ஒன்று. தனக்கென்று ஒரு சொல் இருந்தால் வைத்தியர் தேவையில்லை என்பதும் தவறு. இரண்டு வாரமாக நித்திரை, சாப்பாடு, வேலை எதுவும் சரியில்லை என்றால் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரே ஒரு தரம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு உடனே எடுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.