பைலட் ஆக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைக்கு

ஆறாம் வகுப்பில் "என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று கேட்டால் கலெக்டர், டாக்டர், போலீஸ் என்ற பதில்களுக்கு நடுவே இரண்டு மூன்று பிள்ளைகளாவது "பைலட்" என்கிறார்கள். அதே பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பில் கேட்டால் ஒரு கையும் உயர்வதில்லை. ஆசை தானாகப் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. "அதெல்லாம் நமக்கா?" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அல்லது யாருமே எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் கணித ஆசிரியர். என்னிடம் படித்த மாணவி ஒருவர் இப்போது வெளிமாநிலப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் விமானப் பயிற்றுநராக இருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நானே தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் முடிவு நம் பள்ளியிலேயே எடுக்கப்படுகிறது. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வர்த்தக விமானி உரிமம் வேண்டும். அதற்கு வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதி. ஆகவே பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போது தாவரவியல், விலங்கியல் உள்ள தொகுதியைக் கணிதம் இல்லாமல் எடுத்த பிள்ளைக்கும், வணிகவியல் எடுத்த பிள்ளைக்கும் வழி அங்கேயே அடைபடுகிறது. பிறகு தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரு பாடங்களை மட்டும் எழுதிச் சேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் சேர்க்கை நாளன்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை அந்த அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, மருத்துவச் சான்று. கட்டணம் கட்டுவதற்கு முன்பே டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளும்படி பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்பது ஊர்ப்பேச்சு. கண்ணாடியால் சரியாகும் பார்வைக்குறை தடையில்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். லட்சங்களைக் கட்டிய பிறகு அது தெரியவரும் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பணத்தை மறைத்துப் பேசுவதும் சரியல்ல. உரிமம் பெறும்வரை 40 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகலாம். பெரிய பயணிகள் விமானம் ஓட்ட வேண்டுமென்றால் அந்த ரகத்துக்கான பயிற்சிக்குத் தனிச் செலவு. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். நம் பிள்ளைகள் வீட்டில் அது குடியிருக்கும் வீடாகவே இருக்கும். எனவே "உறுதியான வேலை" என்று விளம்பரம் செய்யும் இடத்தில் சேர்வதற்கு முன், டிஜிசிஏ இணையதளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது நம்மால் முடிகிற உதவி. உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் கீழ் இயங்குவது. அங்கே நுழைவுத் தேர்வு ஆங்கிலம், கணிதம், இயற்பியல், பகுத்தறியும் திறன் ஆகியவற்றில் நடக்கும்.

உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது விமானத்தின் பொறுப்பு முழுக்கத் தன் கையில் இருக்க வேண்டும். வான்வழி கண்டறிதல், வானிலையியல், விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகளும் உண்டு. தேர்ச்சிக்கு 70 மதிப்பெண். 35க்குப் பழகிய நம் பிள்ளைகள் இதைக் கேட்டதும் சற்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பயிற்றுநர் ஆவது எப்படி என்று அந்த மாணவியிடம் கேட்டபோதுதான் எனக்கு நம் பி.எட். நாட்கள் நினைவுக்கு வந்தன. விமானி வழக்கமாக இடப்பக்க இருக்கையில் அமர்வார். பயிற்றுநர் ஆக விரும்புபவர் வலப்பக்க இருக்கைக்கு மாறி, அங்கிருந்து ஓட்ட மறுபடி பழக வேண்டும். ஓட்டிக்கொண்டே, கை செய்வதை வாய் அதே நொடியில் விளக்க வேண்டும். சொல் முந்தினாலும் பிந்தினாலும் கற்பவருக்குக் குழப்பம். இப்படித் தேறியவர் முதலில் உதவிப் பயிற்றுநர்தான். மூத்த பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் கற்பிக்க முடியும்.

வானத்தில் விமானம் யார் கையில் இருக்கிறது என்பதில் ஐயமே இருக்கக் கூடாது. "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று பயிற்றுநர் சொன்னால், "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று மாணவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு பயிற்றுநர் கையை எடுத்துவிட வேண்டும். மாணவருக்குத் தெரியாமல் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தால், நன்றாக இறங்கியது தானா, பயிற்றுநரா என்று அவருக்குத் தெரியாமலே போய்விடும். (கரும்பலகையில் கணக்குப் போடும் பிள்ளையின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி நாமே முடித்துவிடுவது எனக்கு உடனே ஞாபகம் வந்தது.)

எதுவரை விட்டுப் பிடிப்பது? 3000 அடி உயரத்தில் மாணவர் தவறு செய்தால், அவரே கண்டுபிடித்துத் திருத்தும்வரை பொறுத்திருக்கலாம். ஓடுபாதைக்கு மேல் 20 அடியில் அந்த அவகாசம் இல்லை. 'ஸ்டால்' பாடத்தை அதனால்தான் உயரத்தில் நடத்துகிறார்கள். ஸ்டால் என்றால் இன்ஜின் நின்றுபோவது என்று பலர் எண்ணுகிறோம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுமீறி, தூக்குவிசை சட்டென்று குறைவதே ஸ்டால். விமானம் கீழே இறங்கும்போது மூக்கை மேலே இழுக்கத்தான் கை துடிக்கும். செய்ய வேண்டியதோ மூக்கைத் தாழ்த்துவது. சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, செய்து பழகினால்தான் கை கேட்கும் என்றார்.

பிறகு ஒரு நாள் இறங்கிய விமானத்திலிருந்து பயிற்றுநர் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, மாணவரைத் தனியாக ஒரு சுற்று போய்வரச் சொல்கிறார். அந்தச் சில நிமிடங்கள் தரையில் நிற்பது, தான் முதன்முதலில் தனியாகப் பறந்ததைவிடக் கடினம் என்று சொன்னார்.

அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரு கணக்கை இப்போது ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நடத்துகிறேன். விமானிகள் மனக்கணக்காகப் போடும் "அறுபதுக்கு ஒன்று" விதி அது: 60 மைல் பறந்தபின் பாதையிலிருந்து 1 மைல் விலகியிருந்தால், திசை ஏறக்குறைய 1 டிகிரி பிசகியிருக்கிறது. மைதானத்தில் 6 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, முனையில் 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். கோட்டின் தொடக்கத்திலிருந்து அந்தப் புள்ளிக்குக் கயிறு பிடித்தால் 1 டிகிரியை நடந்தே பார்க்கலாம். டேன்ஜென்ட் அட்டவணையில் 1 டிகிரிக்கு உள்ள 0.0175ஐ 1/60 உடன் ஒப்பிடச் சொன்னால், தோராயம் எவ்வளவு நெருக்கமானது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து இதைக் கேளுங்கள். 120 மைல் பயணம். பாதி வழியில் 4 மைல் வலப்பக்கம் விலகியிருக்கிறோம். ஊர் போய்ச் சேர எத்தனை டிகிரி இடப்பக்கம் திருப்ப வேண்டும்? வகுப்பில் பெரும்பாலோர் 4 என்பார்கள். மைதானத்துக் கோட்டில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். 4 டிகிரி திருப்பினால் பழைய பாதைக்கு இணையாகத்தான் போவோம். 4 மைல் விலகல் அப்படியே இருக்கும். ஊர் சேர இன்னும் ஒரு 4 வேண்டும்.