டம்ளரும் புளியங்கொட்டையும்

கேள்வி: இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆங்கிலத்தில் இன், ஆன், அட் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறாள். எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: பெட்டியில் பந்து, சுவரில் படம், வாசலில் அப்பா. தமிழில் மூன்றுக்கும் 'இல்' உருபே போதும். ஆங்கிலமோ இன், ஆன், அட் என்று பிரித்துக் கேட்கிறது. அதுவும் பெயருக்கு முன்னால். குழந்தை தடுமாறுவது இயல்புதான், அதற்காகத் திட்டிவிடாதீர்கள்.

பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு டம்ளரும் புளியங்கொட்டையும் எடுங்கள். கொட்டையை உள்ளே போட்டு 'இன் த டம்ளர்' என்று முழுசாகச் சொல்லுங்கள். டம்ளரைக் கவிழ்த்து மேலே வைத்தால் 'ஆன்', அடியில் ஒளித்தால் 'அண்டர்'. பிறகு அவள் கட்டளையிடட்டும், நீங்கள் வையுங்கள். வேண்டுமென்றே தப்பாக வைத்தால் அவளே திருத்துவாள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்கும் இன், ஆன், அண்டர் மூன்றும்தான் முதலில் வரும். 'பிஹைண்ட்' எல்லாம் பிறகுதான். 'அட்' அவசரமில்லை.

காருக்கு 'இன்', பஸ்ஸுக்கு 'ஆன்' ஏன் என்று கேட்டால் விதி தேடாதீர்கள். 'ஆன் த பஸ்' என்று சேர்த்தே பழக்குங்கள். தப்பாகச் சொன்னால், சரியான வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை இயல்பாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.