ஊசி போட்டால் உற்பத்தி நின்றுவிடும்!

ஆடித்தபசு கூட்டம் கலைந்த மறுவாரம், சங்கரன்கோவிலில் என் வைத்தியசாலைக்கு ஒரு தாயும் மகனும் வந்தார்கள். "கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு, ஒரு விசேஷமும் இல்லைய்யா. பூனைக்காலி லேகியம் குடுங்க" என்றார் அம்மா. பையன் நல்ல வாட்டசாட்டம். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு விசாரித்தேன். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு வருஷமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறானாம். "ஆண்மை ஹார்மோன்தானேய்யா, நல்லதுதானே?"

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சித்த மருத்துவத்தில் சுக்கிலம் ஏழாவது உடல் தாது. அது விரைக்குள் எப்படி உருவாகிறது என்பதை நுண்ணோக்கிதான் காட்டியது. 1850-ல் ஜெர்மானியர் லேடிக் ஒரு வகை செல்லையும், 1865-ல் இத்தாலியர் செர்டோலி இன்னொரு வகையையும் விவரித்தார்கள். அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது.

நம்ம ஊர் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் கொடுப்பவர் லேடிக் செல். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு அனுப்பினால், கொலஸ்டிராலிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கும். தறி ஓட்டுபவர் செர்டோலி செல். விந்தணுக்களை அணைத்து ஊட்டி வளர்ப்பது இதுதான். வேடிக்கை என்னவென்றால், வளரும் விந்தணுவுக்கு இந்த ஹார்மோனை நேரடியாக வாங்கிக்கொள்ளத் தெரியாது! செர்டோலி செல்தான் அதற்காக வாங்கி வேலையை நடத்துகிறது. அதற்கு ஹார்மோன் ஏராளமாக வேண்டும். ரத்தத்தில் இருப்பதைவிட விரைக்குள் பல மடங்கு அதிகம் இருக்கும்.

வெளியிலிருந்து ஊசி ஏறியதும், "இதான் போதுமான அளவு இருக்கே" என்று பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும். லேடிக் செல் கையைக் கட்டிக்கொள்ளும். ரத்தத்தில் வெள்ளம், விரைக்குள் வறட்சி! உலக சுகாதார நிறுவனம் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் இதே ஹார்மோனைப் போட்டார்கள். எதற்குத் தெரியுமா? கருத்தடைக்கு! பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணுவே இல்லாமல் போனது.

பையனின் விந்துப் பரிசோதனையிலும் பூஜ்யம்தான். லேகியம் கொடுக்கவில்லை. ஹார்மோன் நிபுணரிடம் அனுப்பினேன். (வியாதிக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசி என்றால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்ப வரும். ஆனால் ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். தறி பழையபடி ஓட ஆறு மாதமோ, ஒரு வருஷமோ, சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

இத்தனைக்கும் அதுவரை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் மருமகளுக்குத்தான் எடுத்திருந்தார்கள்.