இறுகிப்போன ஒயில் பிளக்கைக் கழற்றுவது எப்படி?

தோட்டப் புறங்களிலும் ஒதுக்குப்புறக் கிராமங்களிலும் ஓடும் பழைய லாண்ட் றோவர் வாகனங்களை நாம் அறிவோம். 1948ஆம் ஆண்டு அறிமுகமான இவ்வாகனத்தின் சீரிஸ் வகைகள் 1985 வரை உற்பத்தி செய்யப்பட்டன. ஆகவே அவற்றுள் மிகப் பிந்தியதற்கும் இன்று ஏறக்குறைய நாற்பது வயதாகின்றது. மரக்கறி மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், பசளை ஏற்றி வருவதும், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட தாயை வைத்தியசாலையில் சேர்ப்பதும் பல இடங்களில் இத்தகைய ஒரு வாகனந்தான். அது நின்றுபோனால் ஊரே நின்றுபோகும்.

இவ்வாகனத்தின் கியர் பெட்டியும், முன் பின் அச்சுகளிலுள்ள டிபரன்சியலும் ஒயிலை நம்பியே இயங்குகின்றன. ஒயில் குறைந்தால் பற்சக்கரங்கள் சூடேறித் தேய்ந்து, ஈற்றில் உடைந்துவிடும். ஒயில் மாற்றுவது சிறிய வேலை. ஆனால் பல வருடங்களாகத் திறக்கப்படாத பிளக் அசைய மறுக்கும்போது அச்சிறிய வேலையே பெருஞ்செலவில் முடியலாம். இப்பாடத்தில் அதனைப் பாதுகாப்பாகக் கழற்றும் முறையைப் படிப்போம்.

மறக்கக் கூடாத முதல் விதி

ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பிளக்குகள் உண்டு. அடியில் இருப்பது பழைய ஒயிலை வடிப்பதற்கு. பக்கவாட்டில் சற்று உயரத்தில் இருப்பது புதிய ஒயிலை நிரப்புவதற்கு. நிரப்பும் துவாரமே ஒயிலின் சரியான மட்டத்தையும் காட்டும்.

பலர் முதலில் கீழ்ப் பிளக்கைக் கழற்றி ஒயிலை வடித்துவிடுகின்றனர். பின்பு மேற்பிளக் அசையாவிட்டால், உள்ளே ஒயிலும் இல்லை, ஊற்ற வழியும் இல்லை. வாகனத்தைக் கராஜுக்கு ஓட்டிச் செல்லவும் முடியாது. ஆகையால் நிரப்பும் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். அது திறந்த பின்னரே வடிக்கும் பிளக்கில் கை வைக்க வேண்டும். மேற்பிளக் அன்று திறக்காவிட்டாலும் பழைய ஒயில் உள்ளே இருப்பதால், வாகனம் ஓடும் நிலையிலேயே இருக்கும்.

பிளக் ஏன் இறுகுகின்றது?

சேறும் நீரும் புரிகளுக்குள் புகுந்து துருவை உண்டாக்குகின்றன. கியர் பெட்டியின் உறை அலுமினியக் கலவை; அதில் இரும்புப் பிளக் இருந்தால், ஈரம் படும்போது இரு உலோகங்களுக்கிடையே அரிப்பு ஏற்பட்டு அவை ஒட்டிக்கொள்ளும். முன்பு பூட்டியவர் அளவுக்கு மீறி முறுக்கியிருப்பதும் ஒரு காரணம்.

தேவையான பொருட்கள்

கம்பித் தூரிகை, கூரான ஆணி, மண்ணெண்ணெயும் இயந்திர ஒயிலும் சம அளவில் கலந்த கலவை, சுத்தியல், அரை அங்குலச் சதுர முனையுள்ள ரீ-பார், இரண்டடி நீளமான இரும்புக் குழாய், சில்லுகளுக்கு வைக்க நான்கு மரக்கட்டைகள் அல்லது கற்கள். இவ்வாகனங்களின் அச்சுகளிலுள்ள பல பிளக்குகளில் சதுரக் குழி உண்டு. அரை அங்குலச் சொக்கற் பெட்டியிலுள்ள ரீ-பாரின் முனை அதற்குள் பொருந்தும். பிளக்கின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குச் சரியான அளவு ஸ்பானர் வேண்டும். றச்சற்றைப் பயன்படுத்த வேண்டாம். அதிக பலத்தில் அதன் பற்கள் உடையும்.

செய்யும் முறை

1. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி நான்கு சில்லுகளுக்கும் கட்டை வையுங்கள். இதன் கைப் பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னாலுள்ள தண்டையே பிடிக்கின்றது. ஆகவே ஒரு பின் சில்லை ஜக் வைத்துத் தூக்கினால், கைப் பிறேக் போட்டிருந்தும் வாகனம் உருளக்கூடும். இவ்வேலைக்கு ஜக் தேவையில்லை. அடியில் போதிய இடம் உண்டு.

2. பிளக்கையும் சுற்றுப்புறத்தையும் தூரிகையால் துப்புரவாக்குங்கள். குழிக்குள் காய்ந்துள்ள சேற்றை ஆணியால் முற்றாகத் தோண்டி எடுங்கள். கருவி அரைவாசி ஆழத்திற்கு மட்டும் போனால் குழியின் மூலைகள் உருண்டுவிடும்.

3. மண்ணெண்ணெய்க் கலவையைப் பிளக்கின் விளிம்பைச் சுற்றி விட்டு ஓர் இரவு வையுங்கள். மாலையில் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை விடுவது நல்லது. கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள பிறேக் டிரம்மில் இது படக் கூடாது.

4. கருவியைக் குழியில் முழுமையாக வைத்து, அதன் தலையில் சுத்தியலால் பத்துப் பன்னிரண்டு தடவை அளவாகத் தட்டுங்கள். இவ்வதிர்வு துருவை உடைத்து எண்ணெய்க்கு வழிவிடும். அலுமினிய உறையில் மட்டும் அடிக்காதீர்கள், அது வெடித்துவிடும்.

5. முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிது அசைத்துப் பாருங்கள். பிறகு கழற்றும் பக்கமாகத் திருப்புங்கள். பிளக்கின் முகத்தை நேரே பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையே கழற்றும் திசை. வாகனத்தின் கீழ் படுத்திருக்கையில் திசை மாறிவிடுவது வழக்கம். ஆகவே முன்கூட்டியே சோக்கட்டியால் அம்புக்குறி இடுங்கள்.

6. அசையாவிட்டால் ரீ-பாரின் கைபிடியில் இரும்புக் குழாயைச் செருகுங்கள். கைபிடி ஓரடியிலிருந்து இரண்டடியானால் அதே பலம் இரு மடங்காகத் தொழிற்படும். வெடுக்கென்று இழுக்காமல் சீராக அழுத்துங்கள். கருவி வழுக்கினால் முகத்தில் படாதபடி தலையை விலக்கி வையுங்கள்.

7. அதன் பின்பும் அசையாவிட்டால் சூடு உதவும். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும். ஆகவே வாகனத்தை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அல்லது கொதிநீரில் நனைத்த துணியை உறையின் மேல் சுற்றிவிட்டு முயலுங்கள். அச்சின் உறை இரும்பாகையால் அங்கு இம்முறையின் பயன் குறைவு. எண்ணெயும் தட்டுதலுமே அங்கு கைகொடுக்கும். தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். பல வாகனங்களில் எரிபொருள் தாங்கி முன் ஆசனத்தின் கீழ், கியர் பெட்டிக்கு அருகிலேயே உள்ளது.

குழி உருண்டுவிட்டால்

கூரான உளியைப் பிளக்கின் வெளி விளிம்பில் வைத்து ஒரு சிறு வெட்டு உண்டாக்குங்கள். பின்பு உளியைச் சரித்து, கழற்றும் திசையில் தட்டுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், ஒட்டு வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் பிளக்கின்மேல் ஒரு நட்டை ஒட்டுவிக்கலாம். ஒட்டும் சூடே பிளக்கைத் தளர்த்த உதவும். பற்றறியின் இணைப்பைக் கழற்றி, எரிபொருள் தாங்கியைப் பாதுகாத்த பின்னரே இதனைச் செய்ய வேண்டும்.

மீண்டும் நிரப்பி மூடுதல்

வடிந்த ஒயிலைக் கவனியுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துள்ளது. ஆற்றைக் கடக்கையில் சூடான அச்சு திடீரெனக் குளிர்கின்றது. அச்சின் மேலுள்ள காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருந்தால், சீல் வழியாக நீர் உள்ளே இழுக்கப்படும். ஆகவே காற்றுத் துவாரத்தையும் துப்புரவாக்குங்கள்.

கீழ்ப் பிளக்கைப் பூட்டிய பின், சீரிஸ் வகைகளின் டிபரன்சியலுக்கு உரிய ஈ.பி. 90 ஒயிலை, அது துவாரத்தின் விளிம்பில் வழியத் தொடங்கும் வரை ஊற்றுங்கள். 88 அங்குல வாகனத்தில் ஓர் அச்சுக்கு ஏறக்குறைய 1.75 லீற்றர் வேண்டும். பிளக்கின் புரிகளைத் துப்புரவாக்கி, சிறிது கிறீஸ் பூசி, அளவாக இறுக்குங்கள். மூலை உருண்ட பிளக்கை மீண்டும் போடாமல் புதியதை வாங்குங்கள். பழைய ஒயிலை மண்ணிலோ ஓடையிலோ ஊற்றாது, தகரத்தில் சேர்த்துக் கராஜில் ஒப்படையுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. நிரப்பும் பிளக்கை ஏன் முதலில் திறக்க வேண்டும்?
2. கைப் பிறேக்கை மட்டும் நம்பி ஏன் வாகனத்தின் கீழ் செல்லக் கூடாது?
3. உங்கள் ஊரில் அவசரத்திற்கு உதவும் வாகனம் எது? அதன் ஒயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதைச் சாரதியிடம் கேட்டறிந்து, கதவின் உட்புறத்தில் திகதியை எழுதி ஒட்டுங்கள்.