மூளைத் தூண்டலுக்கு முன் ஒரு தூக்க நோட்டு

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கச் சிக்கல் உண்டு. என் மகனுக்கும் உண்டு. நள்ளிரவில் எழுந்து விடியும்வரை வீட்டுக்குள் நடக்கும் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் யார் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டிவிடத் தோன்றும். அப்படி இருக்கும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொல்லப்பட்டது மூளைத் தூண்டல். ஒரு தெரபி சென்டரில் இதை மொத்தமாக ஒரு பேக்கேஜாகப் பேசினார்கள். டிடிசிஎஸ் என்ற முறையில், உப்புநீரில் நனைத்த ஸ்பாஞ்சோடு இரண்டு மின்முனைகளைத் தலையில் கட்டி, 1 அல்லது 2 மில்லிஆம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். ஷாக் அடிக்காது, குறுகுறுப்பு, அரிப்பு, தோல் சிவப்பது இருக்கலாம். டிஎம்எஸ் முறையில் தலையை ஒட்டி ஒரு காந்தச் சுருளை வைப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் 'டக் டக்' என்று பலமாகச் சத்தம் வரும். காதை அடைத்துக்கொள்ள வேண்டும். மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்துகிற பிள்ளை இதற்கு உட்காருவானா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வலிப்பு வந்ததுண்டா என்றும் கேட்கவில்லை. டிஎம்எஸ்ஸில் அரிதாக வலிப்பு வரலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். அந்தக் கேள்வி வராத இடத்தில் நான் பணம் கட்டமாட்டேன்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் டிஎம்எஸ்ஸை அனுமதித்தது பெரியவர்களின் மனச்சோர்வுக்கு. ஆட்டிசத்துக்கு அந்த அனுமதி இல்லை. ஆய்வுகள் நடக்கின்றன, நம்பிக்கை தரும் முடிவுகளும் வருகின்றன. ஆனால் பலவற்றில் பிள்ளைகள் குறைவு. தூக்கம் கூடியதா என்பதையும் பெற்றோர் நிரப்பும் படிவத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். அதனால்தான் நல்ல ஆய்வில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் போலிச் சிகிச்சை தருவார்கள். மின்சாரம் சில விநாடிகள் ஓடிக் குறுகுறுப்பைக் காட்டிவிட்டு நின்றுவிடும். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. தினமும் அலைந்து, செலவழித்து, நல்ல சேதிக்காகக் காத்திருக்கும் தாயின் கண்ணுக்குப் பிள்ளை நேற்றைவிட நன்றாகத் தூங்கியதாகத்தான் தெரியும். அந்த ஒப்பீடு இல்லாமல் "இங்க வந்த எல்லாருக்கும் சரியாயிருக்கு மேடம்" என்றால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

எங்கள் நரம்பியல் மருத்துவர் சொன்னது வேறு. "முதல்ல ரெண்டு வாரம் அவன் தூக்கத்தை எழுதிட்டு வாங்கம்மா, அப்புறம் பேசலாம்."

பழைய பள்ளி நோட்டில் எழுதினேன். எப்போது படுத்தான், எப்போது கண் அசந்தான், எப்போது எழுந்தான், பகலில் தூங்கினானா, வெளிக்குப் போனானா, படுக்கும் முன் செல்போன் பார்த்தானா. ஓரத்தில், 'காலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருக்கிறான்' என்று பல ராத்திரிகளில் எழுதியிருந்தேன். மருத்துவர் அந்த வரியில்தான் நின்றார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாக இருந்தது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவு. அது குறைந்தால் ராத்திரியில் கால்கள் ஓயாமல் குடையலாம். தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை எழுந்து நடப்பான். மருத்துவர் அளவு சொல்லி இரும்புச்சத்து சிரப் கொடுத்தார். நாமாகக் கொடுக்கவே கூடாது. இரும்பு மிஞ்சினால் ஆபத்து. மெல்ல மெல்லக் கால் அடங்கியது, தூக்கம் நீண்டது. இன்றும் சில ராத்திரிகள் விழித்தபடிதான் போகின்றன.

எல்லாப் பிள்ளைக்கும் காரணம் இரும்பாக இருக்காது. மலச்சிக்கல், குறட்டை, வலிப்பு, பல்வலி என்று எதுவாகவும் இருக்கலாம். அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2020 வழிகாட்டியும் இவற்றைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்கிறது. பிறகு படுக்கைநேரப் பழக்கங்கள், அதற்கும் மேல்தான் மருத்துவர் மேற்பார்வையில் மெலடோனின். சிலர் கனமான போர்வை வாங்கச் சொல்வார்கள். 2014இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது, தூக்கம் கூடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தூக்கம் வரவில்லை, மூளைத் தூண்டல் ஆய்வில் சேர்க்கலாம் என்று தோன்றினால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அந்த ஆய்வுக்குள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏழு வயதுக்கு மேல் பிள்ளையின் ஒப்புதலையும் அவர்கள் கேட்க வேண்டும். உங்கள் பிள்ளை பேசமாட்டான் என்றால், போகுமுன் வீட்டிலேயே ஈர ஸ்பாஞ்சை நெற்றியில் வைத்து, மேலே ஒரு துணிப்பட்டை கட்டிப் பாருங்கள். பிய்த்து எறிந்தால், அதையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.