கண்ணும் கையும் கற்கும் தமிழ்

ஞாயிறுதோறும் நம் வளாகத்துத் தமிழ்க் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் இயற்பியல் மாணவன் நான். “முதலில் படிக்கட்டும், எழுதுவது பிறகு” என்கின்றனர் பெற்றோர். இரண்டையும் பிரித்தல் தகாது என்பேன்.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினர். எழும்பூரில் 1789 முதல் ஆதரவற்றோர் பள்ளியொன்றை நடத்திய ஆண்டுரூ பெல், இம்மணல் முறையைக் கைக்கொண்டு, 1797-இல் இலண்டனில் நூலும் வெளியிட்டார்.

முறையின் சிறப்பு யாது? ‘வாழை’ என்பதைப் படிக்கும் குழந்தை, படத்தைப் பார்த்தே ஊகித்துவிடும். எழுதும்போதோ லகரமா, ளகரமா, ழகரமா என்று செவியைக் கேட்டே ஆகவேண்டும். மாறாக, ‘அந்நாள்’, ‘அன்னாள்’ இரண்டும் பெரும்பாலோர் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கும். அங்கே செவி உதவாது. படித்த கண்ணே கைக்கு வழிகாட்டும். இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுவர்; பள்ளியில் அவர்கள் காணும் எழுத்துகள் வேறு. ஊரிலுள்ள பாட்டியின் கடிதத்தைப் படித்தால் மட்டும் போதுமா? பிழையோடாயினும் இரண்டு வரி விடை எழுதட்டும். அவ்விரண்டு வரியில்தான் தமிழ் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். ஞாயிறன்று ஒரு மணி நேரம் தாருங்கள், வாருங்கள்!